கோழிக்கூண்டுக்குள் ஒரு கை

திங்கட்கிழமை. காலை 5.20.

கொட்டகைக்குள் டார்ச்சை அடித்த சப்-இன்ஸ்பெக்டர் நவநீதன் வாசலிலேயே நின்றுவிட்டார். தரையில் ஒன்பது ஆடுகள் செத்துக் கிடந்தன. வாயில் நுரை, விறைத்து நீட்டிய கால்கள். இன்னும் மூன்று ஆடுகள் தலையைத் தூக்க மாட்டாமல் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தன.

எதிர் மூலையில் வேறு எட்டு ஆடுகள் நின்றிருந்தன. தெருவே திரண்டு வந்து வாசலில் கத்திக்கொண்டிருக்க, அவை தங்கள் பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருந்தன. அது நவநீதன் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. காதுக்குப் பக்கத்தில் சொர்ணாம்பாள் நின்றால் எவர் மனதிலும் எதுவும் படாது.

"வாயில்லா சீவனுக்கு மருந்து வெப்பானா ஒரு மனுசன்! அவன் நல்லாயிருப்பானா? அவன் குடும்பம் வெளங்குமா?"

"யாரும்மா அவன்?"

"பக்கத்து வூட்டு பிராங்க்ளினு. போன வாரம் டீக்கடையில அத்தன பேரு கேக்கச் சொன்னான் சார். ஒங்க ஆடு இன்னொரு தடவ என் உளுந்துல வாய வெச்சா மருந்து வெச்சுடுவேன்னான்."

"ஆடு வாய வெச்சுதா?"

"ஆடுன்னா வைக்காம என்னா செய்யும்?"

சொர்ணாம்பாளுக்கு ஐம்பத்தைந்து வயது. கோட்டுச்சேரிமேட்டுக்கு மேற்கே, வயலோரத்தில் வீடு. செத்ததும் சாகக் கிடப்பதுமாகப் பன்னிரண்டு ஆடுகளும் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து லாரியில் வந்து சனிக்கிழமை காலைதான் இறங்கியவை. நின்று அசைபோடும் எட்டும் இதே கொட்டகையில் பிறந்தவை. புது ஆடுகளை இறக்கிய கையோடு சொர்ணாம்பாள் மயிலாடுதுறையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு, ஞாயிறு இரவு கடைசி பஸ்ஸில்தான் திரும்பியிருந்தார்.

"ராத்திரி அத்தை வந்து பாத்தப்ப எல்லாம் வயிறு பொடச்சு நல்லாதான் சார் நின்னுது," என்றான் சிவக்குமார். சொர்ணாம்பாளின் அண்ணன் மகன், இருபத்து நாலு வயது. அத்தை வீட்டோடு இருந்து ஆடுகளைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. "ரெண்டு நாளும் நான் இந்தக் கொட்டகைய விட்டு நவுரல. கடலக்கொடி போட்டேன், தண்ணி வெச்சேன். அந்தத் தொட்டித் தண்ணியிலதான் கலந்திருக்கான் சார்."

காலை 5.45.

இன்னும் விடியவில்லை. கான்ஸ்டபிள் கருப்பையன் பிராங்க்ளினைப் பாயிலிருந்து எழுப்பி, சட்டையை மாட்டவிட்டு, ஜீப்பின் பின்பக்கத்தில் ஏற்றினார். டீக்கடைக்கு எதிரே ஜீப் திரும்புவதற்குள் ஊரில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். அவன் அம்மா ஆரோக்கியசெல்வி ஜீப்பின் பின்னாலேயே ஓடி வந்தார்.

"சார், அவன் பேப்பர் இன்னிக்குப் போவணும் சார். இன்னிக்குத்தான் கடேசி நாளு."

எந்தப் பேப்பர் என்று நவநீதனுக்குத் தெரியும். அது அவர் மேசையில்தான் இருந்தது. மூன்று வருடம் விடாமல் பரீட்சை எழுதி, பிராங்க்ளினுக்கு அரசாங்கத்தில் கிளார்க் வேலை கிடைத்திருந்தது. போலீஸ் சரிபார்ப்புப் படிவம் ஒன்றுதான் பாக்கி. 'இவர் மீது வழக்கு ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மாலை ஐந்து மணிக்குள் காரைக்காலில் ஒப்படைக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டால் அந்த வரியை எழுத முடியாது. வேலை பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

காலை 7.10. ஸ்டேஷன்.

"டீக்கடையில சொன்னியா?"

"சொன்னேன் சார்."

"ஏன்?"

"உளுந்து அப்பதான் நாலு எல விட்டிருந்துச்சு. காலையில போயி பாத்தா வயலே மொட்ட. வயித்தெரிச்சல்ல சொல்லிட்டேன்."

"நேத்து ராத்திரி எங்க இருந்தே?"

"கோயில்ல பாட்டுப் பயிற்சி. எட்டரைக்கு வூட்டுக்கு வந்தேன். சாப்புட்டேன், படுத்தேன்."

"சாட்சி?"

"எங்கம்மா."

"பெத்தவ சொல்ற சாட்சிய எவன் நம்புவான்?"

பெற்றவளோ வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் கோழிகளைத் திறந்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, ஏழு மணிக்கெல்லாம் வந்துவிட்டவர். பெஞ்சை விட்டு அசையவில்லை. யாரோ வாங்கிக் கொடுத்த டீ பக்கத்தில் ஆடை கட்டிக் கிடந்தது.

காலை 8.15.

சிவக்குமார் மூச்சிரைக்க வந்தான்.

"சார், இப்பதான் ஞாபகம் வருது. ராத்திரி ஒரு மணி இருக்கும், ஒன்னுக்குப் போவ எந்திரிச்சேன். அவங்க கோழிக்கூண்டுகிட்ட டார்ச்சு வெளிச்சம் தெரிஞ்சுது. பிராங்க்ளின் குனிஞ்சு எதையோ உள்ள வெச்சான்."

"காலையில ஏன் சொல்லல?"

"ஆடு செத்த அதிர்ச்சியில மறந்துட்டேன் சார்."

காலை 8.45.

பிராங்க்ளின் வீட்டுக் கொல்லையில், செங்கல் அடுக்கின் மேல் நின்றது கூண்டு. மரச்சட்டம், கம்பிவலை, ஒரு முழம் அகலத்தில் கதவு. உள்ளே தரையில் பழைய சாக்கு விரித்திருந்தது.

"அந்தக் கோடியில பாருங்க சார்," என்று சிவக்குமார் நாலடி தள்ளி நின்று முழங்கையைச் சொறிந்துகொண்டே கை காட்டினான். "ஒரே கொசு சார் இங்க."

கருப்பையன் குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டுத் துழாவினார். வெளியே வந்தது ஒரு சாக்குத் துண்டு. அதற்குள் சுற்றி, மூடி இறுக்கிய பூச்சிமருந்து பாட்டில். அடியில் கொஞ்சம் மருந்து மிச்சமிருந்தது.

நவநீதனுக்கு நிம்மதியும் வந்தது, கூடவே ஒரு கசப்பும் வந்தது. கேஸ் முடிந்தது என்ற நிம்மதி. மேசையில் கிடக்கும் அந்தப் படிவம் நினைவுக்கு வந்ததால் கசப்பு.

ஜீப்பில் திரும்பும்போது கருப்பையன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையால் தோளைப் பிறாண்டிக்கொண்டே பேசினார். "சிவக்குமாரப் பாத்தாதான் சார் பாவமா இருக்கு. நேத்து தருமபுரம் கிரவுண்டுல கிரிக்கெட்டு மேட்ச்சுல என்னா அடி அடிச்சான் தெரியுமா? என் மச்சான் டீமு ரெண்டு நாளும் இவன்கிட்ட மாட்டி முழி பிதுங்கிப் போச்சு. கப்பு வாங்குன சந்தோசம் ஒரு ராத்திரி நிக்கல."

"ரோட்டப் பாத்து ஓட்டுய்யா," என்றார் நவநீதன்.

காலை 9.40.

டாக்டர் ஆக்சிலியா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கால்நடை மருத்துவர், நாற்பது வயது, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆடு மாடுகளிடம் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். மனிதர்களுக்கு அந்த மரியாதை எப்போதும் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

"எந்திரிங்க பாப்போம்," என்று, கிடந்த ஆடுகளில் ஒன்றைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார். அது மடங்கி விழுந்தது. கண் இமையைத் திறந்து பார்த்தார், நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார்.

"பூச்சிமருந்து டாக்டர். பாட்டில் கெடச்சாச்சு," என்றார் நவநீதன். "நீங்க எழுதிக் குடுத்தா எஃப்.ஐ.ஆர். போட்டுருவேன்."

"எதுல கலந்தாங்களாம்?"

"தொட்டித் தண்ணியில," என்றான் சிவக்குமார்.

"சார், குனிஞ்சு தொட்டியப் பாருங்க."

நவநீதன் குனிந்தார். தண்ணீரில் கொசுப்புழுக்கள் துள்ளி விளையாடிக்கொண்டிருந்தன.

"ஆட்டையே சாய்க்கிற மருந்துன்னா இவுங்க நீச்சல் அடிப்பாங்களா?"

"அப்ப தீனியில கலந்திருப்பான்," என்றான் சிவக்குமார் அவசரமாக.

"இருக்கலாம். ஆனா அதோ அந்த எட்டுப் பேரு ஏன் சாவல?"

எட்டுப் பேர் என்று அவர் சொன்னது ஆடுகளை. விடியற்காலையில் கண்ணில் மட்டும் பட்டது இப்போதுதான் நவநீதன் மனதிலும் பட்டது. ஒரே கொட்டகை, ஒரே தொட்டி. விஷம் எப்படி ஆள் பார்த்துக் கொன்றது?

டாக்டர் கொட்டகையைச் சுற்றி வந்தார். புது ஆடுகளைக் கட்டியிருந்த கயிறுகள் கடிபட்டு நார்நாராகக் கிடந்தன. மரத்தூணில் பட்டையைக் கடித்து உரித்த தடம். மூலையில் கடலைக்கொடிக் கட்டு ஒன்று, கட்டிய கயிறு அவிழாமல் நின்றது. அதன் மேல் சிலந்தி வலை. டாக்டர் அதை ஒரு குச்சியால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் நகர்ந்தார்.

பிறகு செத்த ஆடு ஒன்றை அறுத்தார். நவநீதன் அந்த நேரம் பார்த்துத் தென்னை மரத்தில் எத்தனை குலை இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்தார். பத்து நிமிடத்தில் டாக்டர் இரண்டு சிறுநீரகங்களையும் பையில் போட்டுக்கொண்டு, இரைப்பையிலிருந்து எடுத்ததை ஒரு செய்தித்தாளில் பரப்பினார். கொழுகொழுவென்ற, பச்சையும் சிவப்புமான சிறு தண்டுகள்.

"சொர்ணாம்பா அம்மா, இது என்னா?"

"உமரி. கெழக்க உப்பங்கழி ஓரத்துல படர்ந்து கெடக்குமே. எங்க ஆடுங்க தெனம் சாயங்காலம் அதத்தான் மேயும். அந்த எட்டும் அத தின்னு வளந்ததுங்கதான். உமரியில என்னா தப்பு?"

"புது ஆட்டு வயித்துக்கு எப்படிப் போச்சு?"

"பழைய ஆட்டுக்குக் கொஞ்சம் பறிச்சாந்து போட்டேன்," என்றான் சிவக்குமார். "அதுல தின்னிருக்கும்."

டாக்டர் மருந்துப் பையைத் திறந்தார்.

காலை 10.30.

"இது கால்சியம்," என்று ஒரு பாட்டிலைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார் டாக்டர். "பூச்சிமருந்துக்கு இதால ஒரு பிரயோசனமும் கெடயாது. அத மட்டும் ஞாபகத்துல வெச்சுக்கங்க சார்."

கிடந்த ஆட்டின் கழுத்து நரம்பில் ஊசி ஏறியது. டாக்டர் மிக நிதானமாக மருந்தைச் செலுத்தினார். ஒரு கை ஊசியிலும் மறு கை ஆட்டின் நெஞ்சிலுமாக இருந்தார். ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. கூட்டத்தில் யாரோ 'ச்' கொட்டினார்கள். பிறகு ஆட்டின் நடுக்கம் நின்றது. காது அசைந்தது. தலை தூக்கியது. முன்னங்காலை ஊன்றி, தடுமாறி, எழுந்து நின்று, ஒரு தும்மல் போட்டு, "மே" என்றது.

"வாங்க, வாங்க!" என்றார் டாக்டர்.

சொர்ணாம்பாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். தெருவில் விசில் பறந்தது. பதினொன்று பத்துக்குள் மற்ற இரண்டும் எழுந்துவிட்டன. நவநீதனுக்குத் தானே பிழைத்து எழுந்த மாதிரி இருந்தது. எஃப்.ஐ.ஆர். எழுத எடுத்த பேனா சட்டைப்பைக்குத் திரும்பியது.

ஆனாலும் போலீஸ் மூளை சும்மா இருக்காது. "டாக்டர், மருந்தே வெக்கலன்னா பாட்டில் எப்படிக் கூண்டுக்குள்ள வந்துச்சு? ராத்திரி ஒரு மணிக்கு வெச்சதப் பாத்த சாட்சி இருக்கு."

"நல்ல கேள்வி. கூண்டக் காட்டுங்க. அந்த பாட்டில சுத்தியிருந்த சாக்கையும் கொண்டாங்க."

பகல் 11.45.

ஆரோக்கியசெல்வியையும் ஸ்டேஷனிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். டாக்டர் கூண்டுக் கதவில் கை வைத்ததும் அவர் பதறினார்.

"சும்மா கைய வுடாதீங்க டாக்டரம்மா! நான் முட்ட எடுக்கறதுன்னாலே தோள்வரைக்கும் வேப்பெண்ண பூசிக்கிட்டுத்தான் கைய வுடுவேன்."

பக்கத்தில் நின்ற சொர்ணாம்பாள் முகத்தைச் சுளித்தார். "இந்தத் தொல்லைக்குத்தான் பத்து வருசமா எங்க வூட்டுல கோழியே கெடயாது."

டாக்டர் ஜீப் பானெட்டில் இரண்டு வெள்ளைத்தாள்களை விரித்தார். வேப்பெண்ணெய் பூசிய கையால் கூண்டுத் தரையிலிருந்த பழைய சாக்கை எடுத்து முதல் தாளின் மேல் தட்டினார். சிவப்புத் தூள் உதிர்ந்தது. நவநீதன் குனிந்து பார்த்தார். தூள் நடந்தது.

"கோழிச் செள்ளு. ரத்தம் குடிக்கிற பூச்சி," என்றார் டாக்டர். செங்கல் இடுக்கைக் கீறினார், சிவப்பாக நகர்ந்தது. கோழி உட்காரும் கொம்பின் அடிப்பக்கம், கதவுச் சட்டத்தின் விரிசல், எங்கு தொட்டாலும் அதுதான். நவநீதன் ஆர்வத்தில் தானே கொம்பைத் தூக்கிப் பார்த்தார்.

பிறகு பாட்டிலைச் சுற்றியிருந்த சாக்குத் துண்டு. மடிப்பு மடிப்பாகப் பிரித்து இரண்டாவது தாளில் தட்டினார். கொஞ்சம் மண், கொஞ்சம் நார். லென்ஸை வைத்துத் தாளின் நாலு மூலையும் பார்த்தார். ஒன்றும் நகரவில்லை.

டாக்டரின் முகம் மலர்ந்தது. "நான் காரைக்காலுக்குப் போயி இந்தச் சிறுநீரகத்த மைக்ராஸ்கோப்புல பாத்துட்டு வந்துடறேன். மூணு மணிக்கு எல்லாரையும் கொட்டகைக்கு வரச் சொல்லுங்க சார். பிராங்க்ளினையும் கூட்டியாங்க. கருப்பையனும் கட்டாயம் வரணும்."

"நானா?" என்று கருப்பையன் சொறிவதை நிறுத்தினார்.

மாலை 3.05.

கொட்டகை வாசலில் எல்லோரும் நின்றார்கள். பிராங்க்ளின் அம்மாவின் பக்கத்தில் ஒதுங்கி நின்றான். நவநீதன் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

"மொதல்ல ஆட்டக் கொன்னது யாருன்னு சொல்லிடறேன்," என்றார் டாக்டர். "உமரி."

"எங்க ஆடு தெனம் திங்குதே!" என்றார் சொர்ணாம்பாள்.

"அதனாலதாங்க ஒங்க ஆடு சாவல. உமரியில ஒரு அமிலம் இருக்கு. ரத்தத்துல ஏறுச்சுன்னா அங்க இருக்கற கால்சியத்தையெல்லாம் புடிச்சுக் கெட்டியாக்கிடும். கால்சியம் இல்லாம நெஞ்சு துடிக்காது, காலு நிக்காது. சிறுநீரகத்துல அது பளபளன்னு கண்ணாடித் தூளா நிக்கறத இப்பதான் பாத்துட்டு வாரேன். ஆனா ஆட்டோட மொத வயித்துல கண்ணுக்குத் தெரியாத உயிருங்க கோடிக்கணக்குல குடியிருக்கு. குட்டியிலேருந்து கொஞ்சம் கொஞ்சமா உமரி தின்னு பழகுன ஆட்டு வயித்துல, அந்த அமிலத்தையே தின்னு வாழற உயிருங்க பெருகிடும். விஷம் ரத்தத்துக்குப் போறதுக்கு முன்னாலயே இவுங்க அதத் தின்னு தீர்த்துடுவாங்க. புதுக்கோட்டையிலேருந்து வந்தவங்களுக்கு அந்தக் காவல் இல்ல. அதுவும் கொல பட்டினியில வந்து வயிறு முட்டத் தின்னா, ராத்திரிக்குள்ள கதை முடிஞ்சுது."

"பட்டினியா? கடலக்கொடி போட்டானே!" என்றார் சொர்ணாம்பாள்.

"கட்டு அவுக்கவே இல்ல. சிலந்தி கூடு கட்டி இருக்கு. பசியில கயித்தையும் தூணையும் கடிச்சிருக்காங்க. அறுத்த வயித்துல கடலக்கொடியில ஒரு எல கூட இல்ல. சிவக்குமார், சனியும் ஞாயிறும் எங்கய்யா இருந்தே?"

"இங்கதான்... கொட்டகையில..."

நவநீதனுக்குச் சுரீர் என்றது. காலையில் காதில் விழுந்தும் காற்றோடு விட்ட ஒரு விஷயம். "தருமபுரம் கிரவுண்டுல," என்றார் அவரே. "ரெண்டு நாளும். கப்பு வாங்கியிருக்கான். நம்ம கருப்பையன் மச்சான் சாட்சி."

"ஆகா!" என்றார் டாக்டர். "அது எனக்கே தெரியாது. ஞாயித்துக்கிழம சாயங்காலம் கப்போட வந்து பாத்திருக்கான், ஆடெல்லாம் வயிறு ஒட்டிக் கெடக்கு. ராத்திரி அத்தை வந்துருவாங்க. வயித்த நெரப்பணும். பழைய ஆடு மேயற எடம்தானே, எல்லாத்தையும் அவுத்து உப்பங்கழிக்கு ஓட்டிட்டான். இது இந்தக் கரையில பொறந்தவன் மட்டும் செய்யக்கூடிய தப்பு. நம்ம ஆடு திங்கறது எல்லா ஆட்டுக்கும் ஆவும்னு நெனச்சுட்டான். அதுவரைக்கும் அது சோம்பேறித்தனம்தான், குத்தமில்ல. குத்தம் காலையிலதான் நடந்துச்சு."

"ராத்திரி ஒரு மணிக்கு பிராங்க்ளின் வெச்சத நான் பாத்தேன்!" என்று கத்தினான் சிவக்குமார்.

"அப்படியா? கோழிச் செள்ளு பகல்ல கோழி மேல இருக்காது. இடுக்குல ஒளிஞ்சிருக்கும். இருட்டுனதும் கோழி மேல ஏறி ரத்தம் குடிக்கும், விடியறதுக்குள்ள எறங்கி, கிட்டத்துல எந்த மடிப்பு இருக்கோ அதுல பூந்துக்கும். சாக்கு மடிப்புன்னா அதுக்குக் கொண்டாட்டம். ராத்திரி ஒரு மணிக்கு வெச்ச சாக்குன்னா விடியறப்ப அதுல நூறு இருநூறு குடியிருந்திருக்கணும். இதுல ஒன்னு கூட இல்ல. இந்தச் சாக்கு கூண்டுக்குள்ள ஒரு ராத்திரி கூடத் தங்கல. விடிஞ்சு, செள்ளெல்லாம் அடங்குனதுக்கு அப்பறம்தான் உள்ள போயிருக்கு."

"மருந்து நாத்தத்துக்கு அண்டியிருக்காது," என்றான் சிவக்குமார்.

"மூடி இறுக்கமா இருந்துச்சு. சாக்குல நாத்தமே இல்ல, மோந்து பாரு."

நவநீதன் கணக்குப் போட்டார். பிராங்க்ளின் ஜீப்பில் ஏறும்போது இருட்டு. விடிந்தபோது ஸ்டேஷனில். ஏழு மணிக்கு மேல் வீட்டில் ஆளே இல்லை. எட்டே கால் மணிக்குச் சாட்சி சொல்ல ஓடி வந்தவன் ஒருவன்தான்.

"இன்னும் ஒன்னு பாக்கி," என்று டாக்டர் கருப்பையனின் சட்டைக் கையைத் தூக்கினார். தோள்வரைக்கும் சிவப்புப் புள்ளிகள். "இவரு வேப்பெண்ண பூசாம கூண்டுக்குள்ள கைய வுட்டாரு. பகல்ல கையால கலைச்சா, ஒளிஞ்சிருக்கற செள்ளு கை மேல ஏறிக்கும். இப்ப சிவக்குமார், ஒன் சட்டக் கையத் தூக்கு."

அவன் தூக்கவில்லை. நவநீதன் தூக்கினார். முழங்கையிலிருந்து தோள்வரை அதே புள்ளிகள். மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை டாக்டர் வெள்ளைத்தாளில் உதறினார். மூன்று சிவப்புப் புள்ளிகள் விழுந்து, மூன்றும் மூன்று திசையில் நடந்தன.

"கருப்பையன் கைய வுடறதுக்கு முன்னாடியே இவன் சொறிஞ்சுக்கிட்டிருந்தான்," என்றார் நவநீதன் மெதுவாக. "கொசுன்னான். நானும் நம்பிட்டேன்."

"இவங்க வூட்டுல பத்து வருசமா கோழியே இல்ல சார். கோழிச் செள்ளு எங்கேருந்து வந்துச்சு?" என்றார் டாக்டர்.

சிவக்குமார் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அத்தை வூட்ட வுட்டுத் தொரத்திடுவாங்கன்னு பயந்துட்டேன் சார். எல்லாரும் பிராங்க்ளின் பேரச் சொன்னாங்க. கொட்டாயி எறவானத்துல பழைய பாட்டில் இருந்துச்சு. அவனுக்கு வேல போயிடும்னு எனக்குத் தெரியாது."

"தெரியும்," என்றான் பிராங்க்ளின். அன்று முழுவதும் அவன் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான். "பரீட்சைக்கு ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுலதான்டா போனோம்."

சொர்ணாம்பாளிடமிருந்து சத்தமே வரவில்லை. தெருவுக்கு அதுதான் பயமாக இருந்தது. அவர் மருமகனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே ஆரோக்கியசெல்வியிடம் போய், அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல கத்துனவ நான்தான். ஒன் புள்ள பேர ஊர் முழுக்கக் கெடுத்தது என் வாயி. இதே வாயால ஊர் முழுக்கச் சொல்றேன், நீ பாரு."

அவர் சொன்னால் காரைக்கால் பஸ் ஸ்டாண்டுவரை கேட்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

மாலை 4.10.

பொய்ச் சாட்சி உருவாக்கிய குற்றத்துக்குச் சிவக்குமாரை உள்ளே உட்கார வைத்துவிட்டு, நவநீதன் படிவத்தை எடுத்தார். 'இவர் மீது வழக்கு ஏதும் இல்லை. நன்னடத்தை உடையவர்' என்று எழுதினார். நன்னடத்தை பற்றிப் படிவத்தில் யாரும் கேட்கவில்லை. அவரே சேர்த்துக்கொண்டார். கையெழுத்துப் போடும்போது மணிக்கட்டு பயங்கரமாக அரித்தது.

"கொம்பத் தூக்குனீங்கல்ல," என்றார் வாசலில் நின்ற டாக்டர். "வேப்பெண்ண பூசுங்க."

பிராங்க்ளின் ஜீப்பின் பின்பக்கம் ஏறப் போனான். நவநீதன் முன்கதவைத் திறந்துவிட்டார். "இங்க உக்காரு."

டீக்கடைக்கு எதிரே, காலையில் திரும்பிய அதே இடத்தில், ஜீப்பை வேண்டுமென்றே நிறுத்தச் சொன்னார். கூட்டம் பார்த்தது. முன்சீட்டில் பிராங்க்ளின். "தப்பு இவன் மேல இல்ல," என்றார் நவநீதன் எல்லோருக்கும் கேட்கும்படி. "காலையில தப்பு செஞ்சது நாங்கதான்." யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். கருப்பையன் ஹாரனை அழுத்திக்கொண்டே காரைக்கால் சாலையில் பறந்தார்.

மாலை 4.46.

அலுவலகத்தில் ஜன்னலை மூடப்போன ஊழியர் படிவத்தை வாங்கி, புரட்டிப் பார்த்து, சீல் குத்தினார். பிராங்க்ளின் வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டான். மறுமுனையில் "என்னாடா ஆச்சு, என்னாடா ஆச்சு" என்ற குரல் வெளியே நின்றவர்களுக்கே கேட்டது. அவன் போனை நவநீதனிடம் நீட்டினான்.

நவநீதன் வாங்கிக் காதில் வைத்தார்.

"அம்மா, நான் எஸ்.ஐ. பேசறேன். பேப்பர் குடுத்தாச்சும்மா. சீலும் குத்தியாச்சு."